பாய்மரப் படகுக்கு ஒரு பழைய விறகு அடுப்பு: துருப்பிடிச்ச இரும்பைத் தூக்கிட்டு வந்ததுலேர்ந்து தணல் போடுற வரைக்கும்

பிப்ரவரி மாசம், இங்கிலாந்துல சஃபோக் பக்கம் டெபன் ஆறு, வுட்பிரிட்ஜ் ஊருக்குக் கீழ சேத்துல நிக்கிற 26 அடி படகு. காலைல எழுந்தா உள்ள 4 டிகிரி, ஜன்னல்ல மட்டும் இல்ல தலைக்கு மேல சீலிங்லேர்ந்தும் தண்ணி சொட்டும், போர்வை ஈரம், தலகாணி ஈரம், மாட்டப்போற பேண்ட்டும் ஈரம். மொத வருஷம் முழுக்க கேஸ் ஹீட்டர் வச்சுதான் ஓட்டினேன், சூடு வரும் ஆனா ஈரம் இன்னும் ஜாஸ்தி ஆகும், ஏன்னு ரொம்ப நாள் புரியல. கணக்கு போட்டப்புறம்தான் புரிஞ்சது, 1 கிலோ புரொப்பேன் எரிஞ்சா கிட்டத்தட்ட 1.6 கிலோ தண்ணி ஆவியா வரும், புகைபோக்கி இல்லாத ஹீட்டர்னா அவ்வளவும் நம்ம போர்வைக்குதான். விறகு அடுப்புல அந்த ஆவி குழாய் வழியா வெளிய போயிடும், போறப்ப உள்ள இருக்குற ஈரக்காத்தையும் இழுத்துட்டுப் போகும், அந்த இடத்துக்கு வெளிய இருந்து வர்ற குளிர்காத்து சூடானா காஞ்ச காத்தா ஆயிடும். அதான் பழைய மீன்பிடி படகுல எல்லாம் ஒரு சின்ன இரும்பு அடுப்பு இருந்திருக்கு.

என் படகு வெஸ்டர்லி சென்டார், 1969லேர்ந்து 1980 வரைக்கும் 2,400க்கு மேல கட்டின ஃபைபர் படகு, அடில ரெண்டு கீல், அதாவது துடுப்பு மாதிரி நீட்டிட்டு இருக்குற அடித்தகடு, இருக்கறதால தண்ணி வத்தினா சேத்துல நேரா நிக்கும். நான் செஞ்சது இந்தப் படகுல, நீங்க உங்க படகுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க.

அடுப்பு ரெஸ்டோர் பண்றதுன்னா எல்லாரும் துரு, பெயிண்ட்னுதான் நெனைக்கிறாங்க. மூணு குளிர்காலம் எரிச்சுப் பார்த்துட்டு எனக்குத் தோணுறது என்னன்னா மொத்த வேலையும் காத்தை அடக்குற வேலைதான். நாம தொறந்து விடுற ஓட்டை வழியா மட்டும் காத்து உள்ள வரணும், குழாய் வழியா மட்டும் வெளிய போகணும். கீழ சொல்லப்போற ஒவ்வொரு வேலையையும் இந்த ஒரு கண்ணோட பாருங்க.

எவ்வளவு பெரிய அடுப்பு

எல்லாரும் பண்ற தப்பு பெருசா வாங்குறது. 8, 9 மீட்டர் படகுக்கு 2லேர்ந்து 3 கிலோவாட் தாராளம். கால்வாய்ல ஓடுற நீளப் படகுகள்ல டென்மார்க்கோட மோர்ஸோ ஸ்குவிரல் நிறைய பார்க்கலாம், அருமையான அடுப்புதான், ஆனா 60 கிலோவுக்கு மேல எடை, சென்டார் மாதிரி 3 டன் படகுல ஒரு பக்கமா அதை வச்சா படகு சாயும், 4 கிலோவாட்டுக்கு மேல வர்ற சூட்டுல நீங்க ஜட்டியோட உக்காரணும். சூடு தாங்காம காத்து வழியை அடைச்சு அணைஞ்சும் அணையாம எரிய விடுவீங்க, அப்பதான் தார் படியும், கார்பன் மோனாக்சைடும் ஜாஸ்தி ஆகும். சின்ன அடுப்பை நல்லா எரிய விடுறதுதான் சரி.

கனடாவுல நோவா ஸ்கோஷியா பக்கம் லூனென்பர்க் ஃபவுண்டரின்னு 1891ல ஆரம்பிச்ச கம்பெனி, மீன்பிடி ஸ்கூனர்களுக்கு, அதாவது பாய்மரக் கப்பல்களுக்கு, அடுப்பு வார்த்தாங்க, லிட்டில் காட்னு மீன் பேரெல்லாம் வச்சு. அமெரிக்கால ஷிப்மேட்னு ஒரு பழைய பேரு உண்டு. இதெல்லாம் கிடைச்சா அதிர்ஷ்டம், விலையும் அதிர்ஷ்டசாலிக்கு ஏத்த மாதிரிதான் இருக்கும். எனக்குக் கிடைச்சது பேரே தெரியாத ஒரு வார்ப்பிரும்பு அடுப்பு, 40 செ.மீ உயரம், தூக்கிப் பார்த்தா 20 கிலோ இருக்கும், கோழிக்கூண்டுக்குப் பக்கத்துல மழைல கிடந்தது. முன்னாடி என்னமோ எழுத்து வார்த்திருக்காங்க, துரு தின்னுடுச்சு.

தட்டிப் பார்த்து வாங்குங்க

நம்ம ஊர்ல மண்பானை வாங்குறப்ப என்ன பண்ணுவோம், விரலை மடக்கித் தட்டிப் பார்ப்போம்ல, அதே டெக்னிக்தான். ஒரு ஸ்பூன் எடுத்து ஒவ்வொரு தகடையும் தனித்தனியா தட்டுங்க. டிங்குனு மணி மாதிரி கேட்டா நல்ல வார்ப்பு, டொக்குனு செத்த சத்தம் வந்தா எங்கயோ விரிசல் இருக்கு, கண்ணுக்குத் தெரியாட்டியும் இருக்கு. சில நேரம் லூசான போல்ட்டும் அப்படித்தான் சத்தம் போடும், அதனால கையால தகடை அழுத்திப் புடிச்சுட்டு இன்னொரு தடவை தட்டுங்க.

அப்புறம் கதவு. கதவு வளைஞ்சிருந்தா வாங்காதீங்க, அவ்வளவுதான், நிமிர்த்த முடியாது, வார்ப்பிரும்பு உடையுமே தவிர வளையாது, அதையும் மீறி வளைஞ்சிருக்குன்னா யாரோ அதை செக்கச்செவேல்னு பல தடவை எரிச்சிருக்காங்க. உள்ள இருக்குற ஜாலி, அதாங்க சாம்பல் கொட்டுற கம்பித்தட்டு, உடைஞ்சிருந்தா கவலை இல்ல, அது எப்பவுமே தேஞ்சு போற சாமான்தான். கதவுக் கண்ணாடி, கதவு இடுக்கை அடைக்கிற கயிறு, உள்பக்கச் செங்கல் எதுவும் இல்லன்னாலும் பரவால்ல. மேல குழாய் மாட்டுற வளையம் மட்டும் முழுசா இருக்கணும்.

கழட்டுறது, ஆனா மொதல்ல கயிறு

ஸ்பானரைத் தொடுறதுக்கு முன்னாடி எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்க, ரெண்டு வாரம் கழிச்சு எந்தப் பட்டை எங்க இருந்துச்சுன்னு சத்தியமா ஞாபகம் இருக்காது.

கதவு ஓரத்துல வெள்ளையா சாம்பல் கலர்ல பழைய கயிறு ஒட்டிட்டு இருந்தா கொஞ்சம் நில்லுங்க. பழைய அடுப்புல அது ஆஸ்பெஸ்டாஸா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, பிரிட்டன்ல வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை முழுசா தடை பண்ணதே 1999லதான். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது, டிரில்ல மாட்டின பிரஷ்னா கேக்கவே வேணாம், அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போனா திரும்ப வெளிய வராது. திறந்தவெளில வச்சு, எஃப்எஃப்பி3ங்கற நுண்தூசி மாஸ்க் போட்டு, தண்ணில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் கலந்து நல்லா ஊற விட்டு, ஈரமா இருக்கறப்பவே பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால நெம்பி எடுத்து ரெண்டு பை போட்டு கட்டிடுங்க. சாதா குப்பைல போடாதீங்க, கவுன்சில்ல அதுக்குன்னு தனி இடம் இருக்கும், போன் பண்ணிக் கேளுங்க. சந்தேகமா இருந்தா ஆஸ்பெஸ்டாஸ்னே வச்சுக்குங்க, அதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல.

அடுத்தது போல்ட். 30, 40 வருஷம் சூட்டுலயும் மழைலயும் கிடந்த போல்ட் லேசுல வராது, கோவத்துல ஸ்பானரை இழுத்தா போல்ட் உடையாது, வார்ப்பிரும்பு காதுதான் உடையும். துருவுக்குள்ள ஊடுருவுற பெனட்ரேட்டிங் ஆயில் ஊத்திட்டு ஒரு நாள் விட்டுடுங்க, மறுநாள் திரும்ப ஊத்துங்க, சின்ன சுத்தியலால தலைல லேசா தட்டிட்டே இருங்க. அப்பவும் வரலன்னா ஆயிலை நல்லா தொடைச்சுட்டு புளோடார்ச்ல சூடு காட்டி, கொஞ்சம் ஆறினதும் மெழுகுவர்த்தியை மரை ஓரத்துல தேய்ங்க, உருகி உள்ள இழுத்துக்கும், எனக்கு ஆயிலை விட மெழுகுதான் வேலை செஞ்சது. முதல்ல கொஞ்சூண்டு டைட் பண்ற பக்கம் திருப்பிட்டு அப்புறம் லூஸ் பண்ணுங்க. எட்டு போல்ட்ல என்கிட்ட ஆறு வந்துச்சு, ரெண்டை கிரைண்டர்ல தலையை வெட்டி, நடுவுல டிரில் போட்டு, மரை வெட்டுற எம்6 டாப் ஓட்டி புது மரை போட்டேன். அது ஒரு நாள் வேலை.

துரு

கம்பி பிரஷ், உப்புத்தாள், வினிகர்னு நிறைய வழி இருக்கு. லேசான துருவா இருந்தா டிரில்ல கம்பி பிரஷ் போதும், கண்ணாடி மட்டும் கண்டிப்பா போட்டுக்குங்க, அந்தக் கம்பி பிச்சுட்டு பறக்கும். என்னுது பொறுக்கு பொறுக்கா உரிஞ்சதால நான் கரண்ட் வச்சு எடுத்தேன், எலக்ட்ராலிசிஸ், ஸ்கூல்ல படிச்சதுதான்.

பெரிய பிளாஸ்டிக் தொட்டில தண்ணி, 5 லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வாஷிங் சோடா, சமையல் சோடா இல்ல, துணி துவைக்கிற சோடியம் கார்பனேட். துருப்பிடிச்ச தகடை உள்ள தொங்க விடுங்க, அதுல சார்ஜரோட கறுப்பு கிளிப், நெகட்டிவ். பக்கத்துல தொடாம ஒரு சாதா இரும்புத் துண்டு, கட்டட வேலைக்கு வாங்குற கம்பித் துண்டு போதும், அதுல சிவப்பு கிளிப். மாத்திக் குடுத்தீங்கன்னா அடுப்பு கரைஞ்சு போகும், கம்பி பளபளன்னு ஆகும், அதனால ரெண்டு தடவை பாருங்க. சிவப்புல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாட்டாதீங்க, அது கரையறப்ப விஷமான குரோமியம் தண்ணில கலக்கும். 12 வோல்ட் சார்ஜர், பழைய காலத்துது வேணும், புது ஸ்மார்ட் சார்ஜர் எதிர்ல பேட்டரி இல்லன்னா ஆன் ஆகவே ஆகாது. குமிழ் குமிழா வர்றது ஹைட்ரஜன், அதனால வெளிய வச்சு பண்ணுங்க, பக்கத்துல பீடி சிகரெட் ஆகாது, கிளிப்பைத் தொடுறதுக்கு முன்னாடி சுவிட்சை ஆஃப் பண்ணுங்க, பொறி பறந்துடும்.

இது நேர்கோட்டுல இருக்குற பக்கத்தைத்தான் நல்லா எடுக்கும், மறைவா இருக்குற பக்கம் அப்படியே இருக்கும், அதனால 6 மணி நேரத்துக்கு ஒருதடவை தகடைத் திருப்பி விடுங்க. ஒரு தகடுக்கு ஒரு நாள் ஆகும். எடுத்தவுடனே கறுப்பா ஒரு மாவு மாதிரி இருக்கும், அதைத் தண்ணில பிரஷ் போட்டுக் கழுவி உடனே காய வைங்க, உடனேன்னா உடனே, நான் டீ குடிக்கப் போயிட்டு வந்தேன் பத்து நிமிஷத்துல ஆரஞ்சு கலர்ல திரும்ப துரு. அப்புறம் வீட்டு அவன்ல 100 டிகிரில வச்சு காய வச்சேன், அதுக்கு வீட்ல என்ன கேட்டாங்கங்கறதை இங்க எழுத முடியாது.

விரிசல்

நான் காசு விட்ட இடம் இது. எலக்ட்ராலிசிஸ் முடிச்சதும்தான் பின் தகடுல ஒரு 7 செ.மீ விரிசல் தெரிஞ்சது, தட்டினப்ப டொக்குனு கேட்டதை லூஸ் போல்ட்னு நெனைச்சு ஏமாந்திருக்கேன். தெரிஞ்சவர் ஒருத்தர் சாதா வெல்டிங் ராட் வச்சு ஒட்டிக் குடுத்தார், பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆறுறப்ப டிக்குனு ஒரு சத்தம், வெல்டுக்குப் பக்கத்துலயே புது விரிசல், இப்ப 12 செ.மீ. வார்ப்பிரும்புல கார்பன் 2லேர்ந்து 4 சதவீதம் வரைக்கும் இருக்கும், சாதா இரும்பு மாதிரி இழுவிசையைத் தாங்காது, ஒரு இடத்துல மட்டும் சூடாகி வேகமா ஆறினா பிளந்துக்கும். நல்லா காஞ்ச தோசைக்கல்லுல பச்சைத்தண்ணி ஊத்தினா பிளக்குமே, அதே கதை.

சரியான முறை இது: விரிசலோட ரெண்டு முனைலயும் 3 மி.மீ ஓட்டை போடணும், அப்பதான் அது மேல ஓடாது. விரிசல் நெடுக வி மாதிரி கிரைண்ட் பண்ணி, தகடு முழுசையும் 300 டிகிரி கிட்ட சூடு பண்ணி, நிக்கல் ராட்ல ஒரு இஞ்ச் ஒரு இஞ்ச்சா வெல்ட் பண்ணி, ஒவ்வொரு இஞ்ச்சும் சூடா இருக்கறப்பவே சுத்தியலால லேசா தட்டி விட்டு, கடைசில காஞ்ச சாம்பலுக்குள்ளயோ மணலுக்குள்ளயோ பொதைச்சு ராத்திரி முழுக்க மெதுவா ஆற விடணும். இந்த வேலை தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. நெருப்பு நேரா படாத இடம்னா பித்தளையை உருக்கி ஒட்டுற பிரேஸிங் பண்ணாலும் போதும். ஃபயர் சிமெண்ட், அதாவது சூடு தாங்குற அடுப்பு சிமெண்ட், மட்டும் வச்சு விரிசலை மூடினா ரெண்டு தடவை எரிச்சதும் உதிர்ந்துடும், எபாக்ஸி பசை பத்தி பேசவே வேணாம், அடுப்புச் சூட்டுக்கு முன்னாடி அது நிக்காது.

ஜாலியை நான் 12 மி.மீ இரும்புக் கம்பி வெட்டி புதுசா செஞ்சேன். செய்யறப்ப கரெக்டா டைட்டா உக்காருற மாதிரி செய்யாதீங்க. இரும்பு சூடானா நீளும், 20 செ.மீ ஜாலி 600 டிகிரி ஏறினா ஒன்றரை மி.மீ கிட்ட நீளும், இடம் இல்லன்னா பக்கத்துத் தகடைத் தள்ளிப் பிளக்கும். மொத்தமா 3 மி.மீ இடைவெளி விட்டேன். என் அடுப்போட பழைய விரிசலே இப்படி வந்ததா இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்.

திரும்ப மாட்டுறது

தகடு தகடு சேர்ற பள்ளத்துல பழைய சிமெண்டை முழுசா சுரண்டிட்டு, லேசா தண்ணி தெளிச்சு, புது ஃபயர் சிமெண்ட் வச்சு சேர்க்கணும். சிமெண்ட் ஈரமா இருக்கறப்பவே போல்ட்டை மூலைக்கு மூலை மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க, மரைல காப்பர் கிரீஸ் தடவிடுங்க, அடுத்த தடவை கழட்டுறது நீங்களாத்தான் இருப்பீங்க. முழு பலம் போட வேணாம், சிமெண்ட் பிதுங்கி வந்தா போதும்.

உள்ள பக்கவாட்டுல பழைய செங்கல் நொறுங்கிப் போயிருந்துச்சு, அதுக்குப் பதிலா 25 மி.மீ வெர்மிகுலைட் போர்டு, சூடு தாங்குற லேசான பலகை, வாங்கி சாதா ரம்பத்துலயே அறுத்து வச்சேன். இது எதுக்குன்னா நெருப்பு கிட்ட இருக்குற இடம் சூடாவே இருந்தாதான் புகையும் எரியும், இரும்பும் நாள்பட உழைக்கும். விறகை முட்டித் தள்ளினா போர்டு உடையும், பரவால்ல, விலை கம்மிதான்.

கதவுக் கயிறு இப்ப கண்ணாடி நார்ல வருது. பள்ளத்தோட அகலத்தை அளந்து வாங்குங்க, ஒட்டுறப்ப இழுத்து நீட்டாதீங்க, நீட்டினா மெலிஞ்சு போய் அடைக்காது. பசை காயறதுக்குள்ள கதவை மூடி ஒரு ராத்திரி விட்டுடுங்க. மறுநாள் ஒரு துண்டு பேப்பரைக் கதவு இடுக்குல வச்சு மூடி இழுத்துப் பாருங்க, உருவிட்டு வந்தா அந்த இடத்துல லீக்குன்னு அர்த்தம், கிழிஞ்சா சரி. கதவைச் சுத்தி எட்டு இடத்துலயாவது பாருங்க. நான் சொன்ன காத்தை அடக்குற வேலைல முக்கால்வாசி இந்தப் பேப்பர் துண்டுலதான் இருக்கு, கதவு மாட்டியிருக்குற கீல் (ஹிஞ்ச்) பக்கம் எனக்கு மூணு தடவை திரும்ப ஒட்ட வேண்டியதாச்சு.

கண்ணாடி போடுறதா இருந்தா அடுப்புக்குன்னு வர்ற செராமிக் கண்ணாடிதான், ஜன்னல் கண்ணாடி வெடிச்சு மூஞ்சில அடிக்கும். ஸ்க்ரூவை விரலால டைட் பண்ணி அதுக்கு மேல கால் சுத்து, போதும். கண்ணாடிக்கும் விரிய இடம் வேணும்.

பெயிண்டும் மூணு தீயும்

600 டிகிரி தாங்குற அடுப்பு பெயிண்ட், ஸ்ப்ரேல, மெல்லிசா ரெண்டு கோட். தடிமனா அடிச்சா உரியும். அசிட்டோன் போட்டுத் தொடைச்சுட்டு கை படாம அடிங்க. இந்தப் பெயிண்ட் காயறது காத்துல இல்ல, நெருப்புலதான் இறுகும், இறுகுறப்ப நாத்தம் குடலைப் புரட்டும், அதனால படகுக்குள்ள ஏத்துறதுக்கு முன்னாடி யார்டுல நாலு செங்கல் மேல வச்சு ஒரு மீட்டர் குழாய் மாட்டி மூணு தடவை எரிச்சேன். மொதல் தடவை வெறும் சுள்ளி, அரை மணி நேரம், கை வைக்க முடியாத சூடு வந்ததும் விட்டுடணும். முழுசா ஆறணும். ரெண்டாவது இன்னும் கொஞ்சம். மூணாவதுதான் முழு தீ. ஃபயர் சிமெண்ட்ல இருக்குற ஈரமும் இப்படித்தான் மெதுவா வெளிய வரும், அவசரப்பட்டா கொதிச்சு பொரிஞ்சு ஓட்டை விழும்.

அடுப்பைச் சுத்தி இருந்த பித்தளைக் கம்பியை மட்டும் நான் எந்த பாலிஷும் போடல, புளி போட்டுத் தேய்ச்சேன், ஆச்சி வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி வந்துடுச்சு. யார்டுல இருக்குற பெரியவர் அந்த உருண்டையை மோந்து பார்த்துட்டு இதைச் சாப்பிடவும் செய்வீங்களான்னு கேட்டார்.

படகுல எங்க

நடுக்கோட்டுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட, எவ்வளவு தாழ்வா முடியுமோ அவ்வளவு தாழ்வா. ஒண்ணை நிறைய பேர் மறந்துடுறாங்க, இது 20 கிலோ இரும்பு, திசைகாட்டி இருக்குற சுவருக்குப் பின்னாடி வச்சீங்கன்னா காம்பஸ் முள் இழுபடும், ஃபிட் பண்ணினப்புறம் ஒருதடவை காம்பஸைத் தெரிஞ்ச திசையோட சரி பாருங்க.

நாலு காலையும் போல்ட் போட்டு அடில தகடு குடுத்து முடுக்கணும், ஸ்க்ரூ பத்தாது, பாய் விரிச்சு ஓடுறப்ப படகு 25, 30 டிகிரி சாயும், அலைல தூக்கிப் போடும், அப்ப அடுப்பு கழண்டு வந்தா நெனைச்சுப் பாருங்க. கதவுத் தாழ்ப்பாளும் தானா திறக்காத மாதிரி இருக்கணும்.

சுவருக்கு எவ்வளவு தூரம்ங்கறதுக்கு, அமெரிக்க விதில பாதுகாப்பு இல்லாத மரத்துக்கு 36 இஞ்ச் விடச் சொல்றாங்க, 26 அடி படகுல அது நடக்குற காரியமா. ஆனா சுவருக்கும் தகடுக்கும் நடுவுல ஒரு இஞ்ச் காத்து இடைவெளி விட்டு, மேலயும் கீழயும் திறந்து வச்சு உலோகத் தகடு மாட்டினா 12 இஞ்ச் வரைக்கும் குறைக்கலாம்னு அதே விதி சொல்லுது. அந்த ஒரு இஞ்ச் காத்துதான் வேலை செய்யுது, தகடை நேரா மரத்துல ஒட்டி அடிச்சா சூடு அப்படியே மரத்துக்குப் போகும், ஒரு பிரயோஜனமும் இல்ல. மரம் வருஷக்கணக்கா சூட்டுலயே இருந்தா உள்ளுக்குள்ள கருகி, முன்னாடி பத்தாத சூட்டுல கூட பத்திக்கும். நான் ஸ்டெயின்லெஸ் தகடை செராமிக் குழாய்த் துண்டு வச்சு மாட்டினேன். ஒரு மணி நேரம் நல்லா எரிச்சுட்டு தகடுக்குப் பின்னாடி மரத்துல கை வச்சுப் பாருங்க, கையை எடுக்கத் தோணுச்சுன்னா இன்னும் வேலை பாக்கி இருக்கு.

குழாய்

டெக்குல ஓட்டை போடுறது எல்லாருக்கும் பயம். எனக்கும் இருந்துச்சு, மூணு வாரம் பென்சில் கோட்டைப் பார்த்துட்டே இருந்தேன். மாஸ்ட் (பாய்மரம்), பூம் (பாயோட அடிக்கட்டை), கயிறு எதுவும் இடிக்காத இடமா மேலயும் கீழயும் பத்து தடவை அளந்துட்டு போடுங்க. என் குழாய் 3 இஞ்ச், டெக் ஓட்டை அதைவிட நல்லா பெருசு, நடுவுல செராமிக் கம்பளி, மேல ஸ்டெயின்லெஸ் காலர். டெக்குக்கு நடுவுல மரமோ நுரையோ வச்சு கட்டியிருந்தா, வெட்டின ஓரத்தை உள்ள அரை இஞ்ச் சுரண்டி எபாக்ஸி ஊத்தி அடைக்கணும், இல்லன்னா தண்ணி இறங்கி டெக்கே ஊறிப் போகும்.

குழாய் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ். ரெண்டு துண்டு சேர்ற இடத்துல மேல் குழாய் கீழ் குழாய்க்குள்ள இறங்கணும், நிறைய பேர் தலைகீழா மாட்டிட்டு கறுப்பா தார் ஒழுகுதுன்னு புலம்புவாங்க. ஒழுகுற தார் உள்ளயே ஓடி அடுப்புக்குப் போனா எரிஞ்சுடும். அடுப்பு வாயை விட குழாயை எங்கயும் சுருக்காதீங்க, வளைவும் முடிஞ்சா வேணாம்.

உயரம்தான் இழுவை. சின்னப் படகுல பெரிய தலைவலி இதுதான், என் அடுப்பு 40 செ.மீ மேடை மேல, அடுப்பு 40 செ.மீ, சீலிங் 1.8 மீட்டர், ஆக உள்ள கிடைக்கிற குழாய் வெறும் ஒரு மீட்டர். புகை ஒழுங்கா இழுக்க ஒன்றரை மீட்டருக்கு மேல வேணும், அதனால வெளிய 75 செ.மீ துண்டு ஒண்ணு வச்சிருக்கேன், நங்கூரம் போட்டப்புறம் மாட்டுறது, கிளம்புறப்ப கழட்டி ஓட்டைக்கு மூடி போடுறது. பாய் விரிச்சிருக்கறப்ப நான் எரிக்கவே மாட்டேன். பாய்லேர்ந்து இறங்குற காத்து நேரா குழாய் வாய்ல அடிக்கும், புகை முழுக்க உள்ள, தவிர பாய் பாலியஸ்டர் துணி, ஒரு பொறி பட்டா ஓட்டை. குழாய் தலைல போடுற தொப்பிக்கு கப்பல்காரங்க சார்லி நோபிள்னு பேரு வச்சிருக்காங்க, எச் மாதிரி இருக்குற தொப்பி காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் நல்லா தாங்குது.

தெர்மோமீட்டர் வாங்குறப்ப கவனிங்க, காந்தத்துல ஒட்டுறது ஸ்டெயின்லெஸ் 316ல ஒட்டாது, ஸ்க்ரூ போடுற மாடல் வாங்குங்க. இதுக்கு ஒருதடவை காசு தண்டம்.

கார்பன் மோனாக்சைடு

நிறம் இல்ல, மணம் இல்ல. தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்குறது, அசதி. படகுல இருக்கறவன் இதைக் கடல் மயக்கம்னு நெனைச்சுப் படுத்துடுவான், படுத்தவன் எந்திரிக்க மாட்டான். அலாரம் வாங்குறப்ப ஈஎன் 50291-2ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, அந்தக் கடைசி 2தான் படகுக்கும் கேரவனுக்கும். பிரிட்டன்ல போட் சேஃப்டி ஸ்கீம்னு படகுப் பாதுகாப்பு விதி வச்சிருக்கறவங்க 2019 ஏப்ரல்லேர்ந்து தங்குற இடம் இருக்குற படகுக்கெல்லாம் இதைக் கட்டாயம் ஆக்கிட்டாங்க, உங்க படகு அந்த ஸ்கீமுக்குள்ள வந்தாலும் வராட்டியும் மாட்டுங்க. படுக்குற இடத்துல ஒண்ணு, அடுப்பு இருக்குற இடத்துல ஒண்ணு. ஸ்மோக் அலாரம் வேற, அது இதுக்கு ஈடு கிடையாது.

காத்து உள்ள வர வழி கீழ ஒண்ணு, மேல ஒண்ணு எப்பவும் திறந்தே இருக்கணும். குளிருதுன்னு டேப் போட்டு ஒட்டிடுவோம், ஒட்டினா அடுப்பு மூச்சுக்கு வேற வழி இல்லாம குழாய் வழியாவே இழுக்கப் பார்க்கும், புகை திரும்பி வரும். அடுப்பு எரியறப்ப கழிவறை எக்ஸாஸ்ட் ஃபேனையும் போடாதீங்க, அதுவும் இதே வேலையைத்தான் பண்ணும்.

எரிக்கிறது

குளிர்ந்த குழாய்க்குள்ள குளிர்காத்து தூண் மாதிரி நிக்கும், நேரா பத்த வச்சா புகை பூரா மூஞ்சிக்கு. மொதல்ல ஒரு பக்கம் பேப்பரைக் கசக்கி குழாய் வாய்க்குக் கிட்ட வச்சு எரிச்சு விடுங்க, உஸ்ஸுனு இழுக்குற சத்தம் கேட்டதும் கீழ சுள்ளியைப் பத்த வைங்க. ஊதாங்குழல் கிடைக்குமான்னு தேடாதீங்க, இழுவை வந்துட்டா ஊதவே வேணாம், ஊத வேண்டியிருந்தா எங்கயோ தப்பு.

விறகு ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், ஈரமானி மலிவாவே கிடைக்குது, விறகைப் பிளந்து உள்பக்கம் குத்திப் பாருங்க. என் அடுப்புல 12 செ.மீ நீளத்துக்கு மேல போகாது, வாங்குற விறகு எல்லாம் 25 செ.மீ, அதனால குளிர்காலம் முழுக்க என் வேலை ரம்பம் போடுறது. காஞ்ச விறகு ஒரு கிலோவுல சுமார் 4 கிலோவாட் மணி சூடு இருக்கும், அடுப்பு அதுல அறுபது சதவீதம் குடுக்குதுன்னு வச்சா 2 கிலோவாட்டுக்கு மணிக்கு 800 கிராம் சொச்சம். அஞ்சு மணி நேர சாயங்காலத்துக்கு 4 கிலோ. வார இறுதிக்கு ரெண்டு பை, அதை எங்க வைக்கிறதுன்னு இப்பவே யோசிச்சுக்குங்க.

கரைல ஒதுங்குற மரம் ஓசியா கிடைக்குதேன்னு கை அரிக்கும். கடல் தண்ணில ஊறின மரத்துல உப்பு, எரிஞ்சா ஆசிட் புகை வந்து ஸ்டெயின்லெஸ் குழாயையே தின்னும், விஷப்புகையும் உண்டு. பெயிண்ட் அடிச்ச பலகை, பச்சையா மருந்து ஏத்தின வேலிக்கட்டை இதெல்லாமும் வேணாம், பழைய வேலிக்கட்டைல ஆர்சனிக் இருக்கும்.

நல்லா பத்தினதும் கீழ் காத்தைப் பாதி மூடுங்க, குழாய் தெர்மோமீட்டர் 120லேர்ந்து 240 டிகிரிக்குள்ள நிக்கட்டும். அதுக்குக் கீழ ரொம்ப நேரம் ஓடினா தார், மேல போனா குழாய்க்கு ஆகாது. வெளிய போய் புகையைப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இருந்தா சரியா எரியுது. தூங்கப் போறப்ப விறகை அடைச்சு காத்தை மூடிட்டுப் படுக்குற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட மட்டும் இல்ல எல்லாருகிட்டயும் உண்டு, நான் பண்றதில்ல, பத்து மணிக்குக் கடைசிக் கட்டை, பதினொண்ணரைக்குத் தணல் அடங்கினதும் படுக்கை. குளிர்காலம் முடிஞ்சதும் குழாயை பிரஷ் விட்டுச் சுத்தம் பண்ணி, பேப்பர் டெஸ்ட் திரும்ப பண்ணி, ஆயில் துணியால ஒருதடவை அடுப்பைத் தொடைச்சு விடுவேன், உப்புக்காத்துல இல்லன்னா மே மாசத்துக்குள்ள திரும்ப ஆரஞ்சு கலர்தான்.

சாம்பலுக்கு மூடி போட்ட இரும்பு டப்பா, பிளாஸ்டிக் வாளி வேணவே வேணாம். மேல பார்த்தா செத்த சாம்பல் மாதிரி இருக்கும், அடில கங்கு ஒரு நாள் கழிச்சும் உயிரோட இருக்கும், கார்பன் மோனாக்சைடும் விட்டுட்டு இருக்கும், அதனால அந்த டப்பாவை எப்பவும் வெளிய காக்பிட்ல, படகு ஓட்டுற திறந்த இடத்துலதான் வைக்கிறேன். மறுநாள் மதியம் கையை மூடி மேல வச்சு சில்லுனு இருந்தாதான் திறக்குறது.